மடத்தடி, மட்கோ, முற்றவெளி: திருகோணமலையின் வாய்வழக்குப் பெயர்களை எவ்வளவு தூரம் நம்பலாம்?

உங்கள் அம்மம்மா திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவர் என்றும், அவர் சொல்லும் மடத்தடி, முற்றவெளி, மட்கோ, சோனகவாடி, டச்பே போன்ற பெயர்களில் பாதி கைபேசி வரைபடத்தில் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இவற்றுக்கு என்ன கருத்து என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசி வரியில் "சோனகவாடி என்றால் அங்கே முஸ்லிம்கள் மட்டும்தான் இருந்தார்களா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். ஓர் இடத்தின் பெயரை வைத்து, அங்கே யார் வாழ்ந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள், யார் யாரை ஆண்டார்கள் என்று சொல்லிவிட முடியுமா? ஓரளவுக்கு முடியும். எந்த அளவுக்கு என்பதைத்தான் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. நொத்தாரிசு ஒருவரிடம் நீண்டகாலம் காணி உறுதி, அதாவது காணியின் உரிமைப் பத்திரம், எழுதியவன். உறுதி எழுதுகிறவனுக்கு இடப்பெயர் என்பது அன்றாடச் சோறு. ஒரு காணியை விற்கும்போது அதன் பெயர், அது இருக்கும் குறிச்சி, நான்கு பக்க எல்லை, அந்த எல்லையில் இருக்கும் காணிக்காரர் என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். பழைய உறுதியின் அட்டவணையில் இருப்பதைப் புதியதிலும் அப்படியே பார்த்து எழுதுவதுதான் வழக்கம். அதனால் கிணறு தூர்ந்து போன பிறகும் "கிணற்றடி வளவு" உறுதியில் வாழும். வீதிக்குப் புதுப் பெயர் வைத்த பிறகும் வடக்கெல்லை "ஒழுங்கை" என்றே இருக்கும். இந்தப் பழக்கத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்று. இடப்பெயரின் வாலை நம்பலாம், தலையில்தான் கவனம் வேண்டும். வால் என்று நான் சொல்வது வெளி, குடா, ஊற்று, அடி, தெரு, வாடி, தோட்டம், புரம், நகர் ஆகியவற்றை. இவை நிலம் எப்படி இருந்தது, மனிதர் அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று சொல்லும். இவற்றில் யாரும் பொய் சொல்வது அரிது. தலைப்பகுதியில்தான் கதைகள் வந்து குடியேறும்.

முதலில் தண்ணீரில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் திருகோணமலையின் பழைய பெயர்கள் பல அங்கேதான் இருக்கின்றன. பட்டணம் இருப்பது கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தில். ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் உட்துறைமுகம். சுற்றிலும் உப்பு. இப்போது பெயர்களைப் பாருங்கள்: உப்புவெளி ஒரு பக்கம், பாலையூற்று, கருமலையூற்று, கன்னியா வெந்நீரூற்று மறுபக்கம். வெளி என்றால் மரமில்லாத திறந்த தரை. நிலாவெளி, குச்சவெளி, மனையாவெளி என்று வடக்கே போகப் போகவும் பட்டணத்துக்குள்ளும் அது வந்துகொண்டே இருக்கும். ஊற்று என்ற பெயர் நல்ல தண்ணீர் கிடைத்த இடத்துக்குத்தான் கிடைக்கும், அங்கேதான் குடியும் வரும். பாலையூற்றில் பாலை மரம் நின்றிருக்கும் என்று ஊகிப்பதில் பெரிய துணிச்சல் எதுவும் இல்லை, இந்த வரண்ட காட்டு நிலத்து மரம் அது. ஆனால் கன்னியாவின் ஏழு கிணறுகளை இராவணன் தாய்க்குக் கடன் செய்ய வாளால் குத்தி உண்டாக்கினான் என்பது வேறு வகை. அந்தக் கதையை நான் மதிக்கிறேன். அந்தியேட்டிக்கு, அதாவது இறந்தவருக்குக் கடன் செய்ய, மக்கள் அங்கே போனதற்கு அதுதான் காரணம், அந்த வழக்கமே ஒரு சமூக வரலாறு. கிணற்றின் வயதைக் கணக்கிட மட்டும் அது உதவாது.

அப்புறம் கோட்டை. 1620களில் போர்த்துக்கேயர் சுவாமி மலையில் இருந்த கோணேசர் கோவிலை இடித்து அந்த முனையில் கோட்டை கட்டினார்கள். 1639இல் அது டச்சுக்காரர் கைக்குப் போனது, 1795இல் ஆங்கிலேயர் கைக்கு. 1803இல் யோர்க் கோமகன் பிரெடெரிக்கின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "கோட்டைக்குள்ளால போய் கோணேசர் கோயிலுக்கு" என்றுதான் சொல்வார்கள். அந்தக் கோட்டையின் முன்னால் இருக்கும் வெற்று நிலம்தான் உங்கள் அம்மம்மாவின் முற்றவெளி. யாழ்ப்பாணத்திலும் கோட்டைக்கு முன்னால் ஒரு முற்றவெளி இருக்கிறது. இது தற்செயல் இல்லை. பீரங்கி வைத்த கோட்டைக்கு எதிரே வீடோ மரமோ இருக்க விடமாட்டார்கள். எதிரி மறைந்து வர இடம் இருக்கக் கூடாது. ஆக, முற்றவெளி என்ற பெயரில் ஓர் உத்தரவு இருக்கிறது: இந்தக் கோட்டிற்கு இப்பால் குடியிருக்காதே. பட்டணம் ஏன் கோட்டை வாசலில் தொடங்காமல் கொஞ்சம் தள்ளித் தொடங்குகிறது என்பதற்கு விடை அந்தப் பெயரிலேயே இருக்கிறது. பிற்காலத்தில் அதே வெளி விளையாட்டுக்கும் கூட்டத்துக்கும் மாலைக் காற்றுக்கும் ஆனது. ஒரு காலத்தில் மக்களைத் தள்ளி வைத்த நிலம், மக்கள் எல்லாரும் கூடும் நிலமானது. திருகோணமலையின் பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அந்த வெளியைத் தாண்டினால் பட்டணம். இங்கே தெருவுக்கும் வீதிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். பெருந்தெரு, பட்டணத்தெரு என்பவை நீங்கள் நினைப்பதுபோல் நடக்கும் பாதைகளின் பெயர்கள் மட்டும் இல்லை, குறிச்சிகளின் பெயர்கள். "நாங்கள் பெருந்தெரு" என்று ஒருவர் சொன்னால் தன் வீடு, கோவில், பள்ளிக்கூடம், சொந்தக்காரர் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறார். ஒரே தொழில் செய்தவர்களோ ஒரே சமூகத்தவர்களோ ஒரு தெருவில் சேர்ந்திருந்த காலத்து வழக்கம் இது. யாழ்ப்பாணத்துத் தட்டாதெருவும் அந்த வகைதான். பெயர்ப்பலகையில் வீதி என்பது பின்னால் வந்த நகரசபை வழக்கு. உட்துறைமுக வீதி, டொக்யாட் வீதி, நீதிமன்ற வீதி என்று அலுவலகத்தைக் காட்டும் பெயர்களுக்கும், அரசியல்வாதிகளின் நினைவுப் பெயர்களுக்கும் அது பொருந்திக்கொண்டது. பொதுவாக, ஒரு பழைய இலங்கைத் தமிழ்ப் பட்டணத்தில் தெரு என்று முடியும் பெயர் கண்டால் அது வீதி என்று முடியும் பெயரைவிட மூத்தது என்று எடுத்துக்கொள்ளலாம். விதிவிலக்கு இருக்கும், ஆனால் அதிகம் இராது.

மடத்தடிக்கு வருவோம். மரத்தடி, கிணற்றடி, கோவிலடி, அரசடி என்று அடியில் முடிகிற பெயர்களை அரசாங்கம் வைப்பதில்லை. வழி கேட்டவருக்கு வழி சொன்னவர்கள் வைத்தவை அவை. மடம் என்றால் யாத்திரிகரும் வழிப்போக்கரும் தங்கும் சத்திரம். கோணேசரைத் தரிசிக்கத் தூர இடங்களில் இருந்து நடந்தும் வண்டி கட்டியும் வந்தவர்களுக்கு இரவு தங்க ஓர் இடம் வேண்டும், குளிக்கக் கிணறு வேண்டும், சமைக்கத் திண்ணை வேண்டும். பட்டணத்தின் உள்ளே ஒரு சந்திக்கு மடத்தடி என்று பெயர் இருக்கிறது என்றால் அந்த ஊர் வெளியாரை எதிர்பார்த்து வாழ்ந்த ஊர் என்று அர்த்தம். எந்த மடம், யார் கட்டியது என்பதைப் பற்றி ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு கதை உண்டு. அவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள், ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து இதுதான் உண்மை என்று எழுதாதீர்கள். கந்தசாமி கோவில் இருக்கும் வில்லூன்றிக்கும் அப்படியே. புராண வீரன் வில்லை ஊன்றிய இடம் என்பது கோவில் மரபு. அந்தக் கந்தசாமி கோவிலைச் சுற்றி ஒரு குறிச்சி வளர்ந்தது என்பது கண்ணால் காணும் உண்மை.

சோனகவாடியில் இரண்டு பகுதிகளையும் பிரித்துப் பாருங்கள். சோனகர் என்பது இலங்கை முஸ்லிம்களை இன்றைக்கும் குடிசன மதிப்பில் குறிக்கும் சொல்தான். வாடி என்பது கடற்கரையில் போடும் தற்காலிகக் கொட்டில்: மீன்வாடி, கருவாட்டு வாடி, விறகு வாடி. கிழக்குக் கடல் ஏறத்தாழ சித்திரையில் இருந்து புரட்டாசி வரை அமைதியாக இருக்கும்; ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்றில் கொந்தளிக்கும். மேற்குக் கரையில் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் இந்தக் கரைக்கு வந்து வாடி போட்டுத் தொழில் செய்து திரும்புவது இன்று வரைக்கும் நடக்கிறது. ஆகவே வாடி என்று முடியும் பெயர், அந்த இடம் முதலில் பருவத்துக்கு வந்து போனவர்களுடைய இடமாக இருந்து பிறகு நிரந்தரக் குடியாக மாறியிருக்கலாம் என்ற ஊகத்துக்கு இடம் தருகிறது. ஊகம்தான், ஆனால் வலுவான ஊகம். இனி உங்கள் கேள்வி: அங்கே முஸ்லிம்கள் மட்டும்தானா? பெயர் அப்படிச் சொல்லவில்லை. ஒரு சமூகத்தின் பெயரை ஓர் இடத்துக்கு வைப்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சமூகத்தவர் இல்லை, பக்கத்தில் இருப்பவர்கள். எல்லாரும் சோனகராக இருக்கும் ஊருக்குச் சோனகவாடி என்று பெயர் வர வேண்டிய தேவையே இல்லை. சுற்றிலும் மற்றவர்கள் இருந்ததால்தான் அந்த அடையாளம் தேவைப்பட்டது. கலந்து வாழ்ந்ததற்கு அந்தப் பெயரே சாட்சி என்று நான் சொல்வேன்.

கடற்படைப் பெயர்கள் வேறு உலகம். டச்பே (டச்சுக் குடா), மட்கோ, கொட்பே, பிளாண்டன் பொயின்ற், டொக்யாட் (கடற்படைக் கப்பல் பட்டறை). இவை பெரும்பாலும் கரையில் நின்று வைத்த பெயர்கள் இல்லை. கப்பலின் தட்டில் நின்று, கடல் வரைபடத்தில் குறிக்க வைத்த பெயர்கள். சேறு நிறைந்த சிறு குடாவை ஆங்கிலேய மாலுமி "மட் கோவ்" என்றான். தமிழ் நாக்கு அதை மட்கோ ஆக்கிக்கொண்டது. இன்றைக்கு மட்கோவில் இருக்கும் பிள்ளைக்கு அது தமிழ்ச் சொல்தான். இந்தப் பெயர்கள் இப்படி வாயில் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், பட்டணத்தின் பாதி வயிறு அந்தத் துறைமுகத்தால் நிரம்பியது. டொக்யாட்டில் வேலை என்றால் நிரந்தரச் சம்பளம், கல்யாணப் பேச்சில் மதிப்பு. 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டபோது அந்தச் சம்பளம் பல வீடுகளில் நின்றுபோனது. பெயர்கள் நிற்கவில்லை.

சீனக்குடாவை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அம்மம்மா நிச்சயம் சொல்லியிருப்பார், சீனன்குடா என்று. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் அதே சீனாதான் வருகிறது. மூன்று மொழிகளும் ஒரே பொருளைச் சொல்லும் பெயர் இந்த மாவட்டத்தில் அபூர்வம். சீனக் கப்பல்கள் வந்து நங்கூரமிட்ட இடம் என்று எல்லாரும் சொல்வார்கள். சீன மரக்கலங்கள் இலங்கைக் கரைக்கு வந்தது வரலாறு. இந்தக் குடாவுக்கு அதனால்தான் பெயர் வந்தது என்பது ஊகம். ஆனால் இன்றைய சீனக்குடாவை உருவாக்கியது இருபதாம் நூற்றாண்டு. 1927இல் திருகோணமலைக்கு ரயில் பாதை வந்தது. காட்டுக்குள் எண்ணெய்க் குதங்கள் எழுந்தன; கட்டியது 101, இப்போது நிற்பது 99. விமானத்தளம் வந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது அவர்கள் தேடி வந்தவற்றில் இவையும் அடக்கம். பிறகு பிறிமா கம்பனியின் மாவாலை வந்தது. பஸ்ஸில் "பிறிமா இறக்கம்" என்று கேட்கும் குரலில் ஒரு கம்பனியின் பெயர் இடப்பெயராகிக்கொண்டிருப்பதை நீங்கள் நேரிலேயே பார்க்கலாம்.

உவர்மலை நல்ல சிக்கல். ஆங்கிலத்தில் அது ஓர்ஸ் ஹில், அதாவது 'ஓர்' (Orr) என்ற பெயருடையவரின் மலை. தமிழில் உவர்மலை, உப்பு நிலத்து மலை. இரண்டும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்று. ஆங்கிலப் பெயரைத் தமிழர் தங்களுக்குப் பொருள்படத் திருத்திக்கொண்டார்கள் என்று ஒரு சாரார். தமிழ்ப் பெயரை ஆங்கிலேயர் ஓர் ஆளின் பெயராகக் கேட்டுக்கொண்டார்கள் என்று மறு சாரார். இரண்டும் நடக்கக் கூடியவை, உலகம் முழுக்க நடந்தவை. பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. பழைய நில அளவைப் படங்களில் எது முதலில் வருகிறது என்று பார்ப்பவர்தான் தீர்க்க வேண்டும். ஆனால் மேடும் காற்றும் கடல் காட்சியும் உள்ள அந்த இடத்தை அதிகாரிகள் தங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள், இன்றும் மாகாண நிர்வாகத்தின் அலுவலகங்கள் அங்கேதான் இருக்கின்றன என்பதில் எந்தச் சிக்கலும் இல்லை.

அதேபோல் கோணேசர் கோவில் இருக்கும் மலையில் ஒரே பாறைக்கு இரண்டு பெயர்: நமக்கு இராவணன் வெட்டு, ஆங்கிலம் பேசியவர்களுக்குக் காதலியின் பாய்ச்சல். டச்சு அதிகாரி ஒருவரின் மகள், தன்னைக் கைவிட்டுக் கப்பலேறியவனைப் பார்த்துக்கொண்டே குதித்தாள் என்பது கதை; 1687 என்று ஆண்டும் சொல்வார்கள். அந்தக் கதைக்கு ஆதாரம் மெலிது. ஆனால் பக்தன் அந்தப் பாறையைக் கோவிலில் இருந்து பார்த்தான், ஐரோப்பியன் கப்பலில் இருந்து பார்த்தான் என்பது இரண்டு பெயரிலும் தெரிகிறது.

அலஸ்தோட்டம் வேறு ஒரு கதவைத் திறக்கிறது. அலஸ் என்பது கொழும்புச் செட்டிக் குடும்பங்களில் வழங்கும் பெயர். தோட்டம் என்பது தனியார் ஒருவரின் பயிர் நிலம். ஒரு தோட்டம் துண்டு துண்டாகக் குடியிருப்பாகி, உரிமையாளர் பெயர் மட்டும் ஊர்ப் பெயராக மிஞ்சுவது இலங்கை முழுதும் காணும் விசயம். இதைப் பார்த்தால் அந்த நிலத்துக்குப் பெரிய உறுதி ஒன்று இருந்தது என்று என் போன்றவனுக்கு உடனே தோன்றும். அன்புவழிபுரம், லவ் லேன் என்று பொருளால் ஒத்துப்போகும் இரண்டு பெயர்கள் பட்டணத்தில் இருப்பதையும் கவனித்திருப்பீர்கள். ஒன்று மற்றதன் நிழலாக இருக்கலாம், ஆனால் அதுவும் ஊகம்தான்.

கடைசியாகப் புரங்களும் நகர்களும். இவை இளைய பெயர்கள், இவற்றில் அரசியல் வெளிப்படையாக இருக்கும். செல்வநாயகபுரம் தமிழரசுக் கட்சியை நிறுவிய செல்வநாயகத்தின் பெயர். வரோதயநகர், 1952 முதல் 1963 வரை திருகோணமலையின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த இராஜவரோதயத்தை நினைவூட்டுவது. சிறிமாபுர பிரதமர் சிறிமாவோவின் பெயர். மிகிந்துபுர பௌத்தத்தை இலங்கைக்குக் கொண்டுவந்த மகிந்த தேரரின் பெயர். புரம் என்று மெய்யோடு முடிந்தால் தமிழ்க் குடியேற்றம், புர என்று நின்றால் சிங்களக் குடியேற்றம் என்று பஸ் நடத்துனருக்குக்கூடத் தெரியும். பட்டணத்தைச் சுற்றிய காணியை யார் நிரப்புவது என்று சுதந்திரத்துக்குப் பிறகு நடந்த இழுபறியின் தடம் அது. மாவட்டத்தின் உள்ளே போனால் இன்னும் வேதனையாக இருக்கும்: முதலிக்குளம் இன்று மொரவெவ, பெரியவிளாங்குளம் மகாதிவுல்வெவ. இரண்டாவதில் விளாவுக்குத் திவுல், குளத்துக்கு வெவ என்று சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. எது முதல் பெயர் என்று இரு பக்கத்தாரும் வாதிடுவார்கள். திருகோணமலைக்கே சம்பந்தரின் தேவாரத்தில் கோணமாமலை என்றும் மகாவம்சத்தில் கோகண்ண என்றும் பெயர் இருக்கிறது. இரண்டும் மிகப் பழையவை. இந்தப் பழமையை எடுத்து இன்றைய காணி வழக்குக்கு உறுதியாக நீட்டுகிறவர்களை, அவர்கள் எந்த மொழி பேசினாலும், நம்பாதீர்கள். ஒரு பெயர் பழையது என்பது அங்கே வாழ்ந்தவருக்கு ஒரு பேறு. மற்றவரை வெளியேற்ற அது ஆவணம் ஆகாது.

இப்போது நீங்கள் செய்யக் கூடியது. அம்மம்மாவிடம் பெயரின் கருத்தைக் கேட்காதீர்கள், கதைதான் வரும். எந்தக் கிணற்றில் குளித்தீர்கள், நல்ல தண்ணீர் எங்கே அள்ளினீர்கள், மீன் யார் கொண்டுவந்தார்கள், பஸ்ஸில் எந்தக் கட்டையில் இறங்கினீர்கள் என்று கேளுங்கள். நிலாவெளி வீதியில் இன்றும் பத்தாம் கட்டை, பதினோராம் கட்டை என்கிறார்கள். மைல்கல் போய்க் கிலோமீற்றர் வந்த பின்னும் அந்த எண்கள் மாறவில்லை. அவருடைய பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் பிறந்த இடம் என்ற கூட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் சீதன உறுதி ஏதாவது இருந்தால் அதன் அட்டவணையை, குறிப்பாக எல்லைகளில் வரும் ஆட்களின் பெயர்களை, வரிக்கு வரி பிரதி எடுங்கள். பக்கத்துக் காணிக்காரர் யார் என்பது அங்கே இருக்கும். சோனகவாடி பற்றிய உங்கள் கேள்விக்கு என்னைவிட அந்தத் தாள் நன்றாகப் பதில் சொல்லும். எழுத்து விளங்காவிட்டால் படம் எடுத்து இங்கே போடுங்கள், ஆட்களின் பெயரையும் அடையாள இலக்கங்களையும் மறைத்துவிட்டு. வாசித்துச் சொல்கிறேன்.